மூன்றாவது தாள்

என் தாய்மாமன் தம் வாழ்நாளில் சுட்ட தோட்டாக்கள் மொத்தம் முப்பது. மொன்றியலுக்கு வடக்கே ஒன்றரை மணிநேரத் தொலைவிலிருந்த ஒரு சுடுகளத்தில், ஓர் இலையுதிர்காலத்தின் மூன்று சனிக்கிழமைகளில், அவை முப்பதும் தாளை நோக்கிச் சுடப்பட்டன. முதற் பத்தில் எட்டு அந்தத் தாளைக்கூடத் தொடவில்லை. ஆயினும், இன்று இந்நகரத்துத் திருமண மண்டபங்களில் அவர் நுழையும்போது, இளைஞர் சிலர் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்து, குறி தப்பாத மனிதர் அவர்தான் என்று கண்ணால் காட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை அவருக்குத் தேடிக்கொடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீடு பாதி நிலத்துக்குள் இறங்கியிருந்தது. முன்னறைச் சன்னலில் வீதியால் போவோரின் சப்பாத்துகள் மட்டுமே தெரியும். அப்பா துறைமுகத்திலிருந்து கொள்கலன்களை ஏற்றிச்செல்லும் பாரவூர்தி ஓட்டினார். அம்மா மருந்து பொதிசெய்யும் ஆலையொன்றில் பின்னேர வேலை. அம்மாவின் ஒரே தம்பியான மாமா எங்களோடு இருந்தார். விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் கடைசல் இயந்திரத்தில் நின்றார். முப்பத்தாறு வயது. மெலிந்த உடல், மெல்லிய குரல். பிறந்தநாள் வீடுகளில் பலூன் உடைக்கும் நேரம் நெருங்கினால், கைகழுவும் சாக்கில் எழுந்துபோய்விடுவார்.

அத்தகையவருக்கு வேட்டைமேல் எப்படி ஆசை வந்தது என்று அப்போது நான் யோசித்ததில்லை. பின்னாளில் அவரே ஒருமுறை சொன்னார். அந்தத் தொழிற்சாலையில் நவம்பர் மாதம் மானுக்கு உரியது. பாதிப்பேர் விடுமுறை எடுத்துக் காட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்தபின் மதிய உணவு வேளையில் நீண்ட மேசையொன்றைச் சுற்றி அமர்ந்து, அடுத்த வசந்தகாலம் வரை அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். மாமா ஐந்து ஆண்டுகளாகச் சன்னலோரச் சிறு மேசையில் தனியே சாப்பிட்டார். எவரும் அவரை விலக்கவில்லை. சொல்வதற்கு அவரிடம் கதை ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவே. அடுத்த இயந்திரத்தில் வேலை செய்த கியூபெக் இளைஞர் ஒருவர், தம் அண்ணனின் துப்பாக்கி சும்மா கிடக்கிறது, இந்த ஆண்டு நீயும் வா என்று அழைத்தபோது, மாமாவுக்கு மானைவிட அந்த மேசைதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பிரெஞ்சில் பாடம் படித்து, பிரெஞ்சிலேயே பரீட்சை எழுதி, அனுமதி அட்டையையும் பெற்றுக்கொண்டு வந்தார்.

அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உனக்கென்ன விசரே தம்பி? துவக்குச் சத்தம் கேக்காத இடம் எண்டுதானே இஞ்சை வந்தனாங்கள்.”

“மானுக்குத்தானே அக்கா.”

“மச்சான், நீ சுடுறதெண்டால் மானுக்கும் முதலே சொல்லிவை,” என்றார் அப்பா. “சத்தம் கேட்டு ரெண்டுபேரும் சேந்து ஓடலாம்.”

அப்பாவின் சிரிப்பில் அம்மாவின் கோபம் பாதி கரைந்தது. முதற் பனி விழும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கலாம்; ஆனால் அது தன் கண்ணில் படக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

முதற் சனிக்கிழமை மாமா சுடுகளத்திலிருந்து கொண்டுவந்த தாளை நான்தான் விரித்தேன். நடுவில் கரிய வட்டம், அதில் ஒன்றுமில்லை. ஒரு மூலையில் ஒரு துளை. விளிம்பில் இன்னொன்று தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ஓரத்தில் அந்தக் கியூபெக் நண்பர் தேதியையும் நூறு மீற்றர் என்பதையும் எழுதி ஒப்பமிட்டிருந்தார். ஒவ்வொரு பயிற்சிக்கும் அப்படி எழுதிவைப்பது அவருடைய வழக்கமாம். சுடுமுன்பே கண் மூடிக்கொள்கிறது, வெடிக்குமுன்பே தோள் துள்ளுகிறது என்று மாமா குறையை ஒளிக்காமல் சொன்னார். அடிக்கடி போய்ப் பழகவும் வழியில்லை. பல சனிக்கிழமைகளில் மேலதிக வேலை. போவதற்கோ நண்பரின் வாகனம். நவம்பருக்குள் இன்னும் இரண்டுமுறை போக முடிந்தாலே பெரிது.

அதற்கு அந்த நண்பர் ஒரு வழி சொல்லியிருந்தார். தோட்டாக்கள் அவருடைய வீட்டிலேயே இருக்கட்டும். வெறுந் துப்பாக்கியோடு வீட்டில் பழகு. விசையை இழுப்பது விரலின் வேலை, உடம்பின் வேலையன்று. அந்த விரலுக்கு அவசரப்படாமலிருக்கக் கற்றுக்கொடு. குழலின் நுனியில் தட்டையான ஏதேனும் ஒன்றை வை. விசை விழும் கணத்தில் அது விழாமலிருந்தால் நீ சுடத் தெரிந்தவன்.

எங்கள் நடைகூடத்தின் கடைசிச் சுவருக்கு அப்பால் மண்தான் இருந்தது. அந்தச் சுவரில் மிளகளவு கறுப்புத் தாளை மாமா ஒட்டினார். அம்மா வேலைக்குப் போனபின், பெட்டியின் பூட்டைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுப்பார். அதன் ரவையறையைத் திறந்து முதலில் தாம் பார்ப்பார். பிறகு என்னைப் பார்க்கச் சொல்வார். “வெறுமை” என்று நான் சொன்ன பிறகே மற்ற வேலை. நான் அவருடைய முதுகுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒரு காலடி முன்னால் வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது.

குழலில் வைக்க முதலில் ஒரு நாணயத்தை எடுத்தார். அது வழுக்கிக்கொண்டே இருந்தது. வீட்டில் பொருத்தமான பொருள் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அம்மாவின் குளிர்க்கோட்டில், கழுத்திலிருந்து இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நீலநிறம், கைக்கடிகாரத்தின் முகமளவு அகலம், அடிப்பக்கம் மட்டமானது. ஓர் இழுப்பில் வந்துவிட்டது. பழைய பொத்தான் டப்பாவில் கிடந்தது என்று மாமாவிடம் கொடுத்தேன். பொத்தான் குழலில் அசையாமல் அமர்ந்தது.

அதன்பின் ஏறக்குறைய ஒவ்வொரு பின்னேரமும் அதுவே எங்கள் தொழில். தரையில் அமர்ந்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, மூச்சை இழுத்து, அதில் பாதியை விட்டு, மீதியை நிறுத்தி, “டூஸ்மான், டூஸ்மான்” என்று முணுமுணுப்பார். மெல்ல, மெல்ல என்பதற்கு நண்பர் அவருக்குக் கொடுத்த பிரெஞ்சுச் சொல் அது. பிறகு ஒரு சிறு ‘டிக்’. முதல் வாரம் ஒவ்வொரு ‘டிக்’குக்கும் பொத்தான் தரையில் விழுந்து உருண்டோடியது. விழுந்ததைப் பொறுக்கி அவருடைய இடக்கையில் கொடுப்பதும், விழாதபோது எண்ணுவதும் என் பொறுப்பு. தொடர்ந்து இருபது தடவை விழாமல் நின்ற நாளில் இருவரும் தெருமுனை டெப்பனர் கடைக்கு நடந்துபோய் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம். அதைத் தின்னும் காலம் அதுவன்று. எங்களுக்குக் கடித்த பல் கூசியது.

இதற்கிடையே அம்மா பொத்தானைத் தேடிக் கோட்டுப் பைகளைக் கவிழ்த்தாள். பேருந்தில் விழுந்திருக்கும் என்றாள். ஓர் ஊசியைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு நாளும் குற்றத்துக்கு ஒரு நாள் வயது கூடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தாளில் பத்துத் துளைகளும் இருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று பகைபோலச் சிதறிக் கிடந்தன. மூன்றாவது தாளை மாமா கொண்டுவந்தபோது வாசலிலேயே நின்று என்னை அழைத்தார். பத்தும் கரிய வட்டத்துக்குள். அப்பாவின் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு துளையும் வெளியே தெரியவில்லை. மூன்று தாள்களையும் என் பள்ளிக்கூடப் படப்புத்தகத்தினுள் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். தந்தார்.

அந்த வாரத்தில்தான் கர்க்லாண்ட் என்ற புறநகரிலிருந்து மாமாவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது.

அம்மா ஈராண்டாய் அலைந்து தேடிய இடம் அது. பெண் ஆய்வுகூடமொன்றில் வேலை பார்த்தார். சாதகம் பொருந்தியிருந்தது. இருவரும் தொலைபேசியில் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நாள்களில் மாமா பாத்திரம் கழுவும்போது பாடுவார். ஒரு கேள்வி மட்டும் அவர்கள் பக்கத்திலிருந்து வந்து, விடைபெற்றுப் போயிருந்தது. மாமாவின் வயதுடைய ஆண் எவனிடமும் எங்கள் சனம் அந்தக் கேள்வியைக் கேட்கும்: போரின் அந்தக் கடைசி வருடங்களில் நீ எங்கே நின்றாய்? மாமா கொழும்பில் புடைவைக்கடையொன்றில் துணி கிழித்துக்கொண்டு நின்றார். அதுதான் உண்மை. அவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். பெண்ணின் தந்தைக்கு அதில் கண்டிப்பு இருந்ததற்குக் காரணமும் இருந்தது. அவருடைய மூத்த மருமகன் தாம் அங்கே ஆயுதம் ஏந்தியிருந்ததைச் சொல்லாமல் மறைத்து மணம்முடித்து, பின்பு அது வெளிப்பட்டு, அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் குடிவரவு அலுவலக வாசலில் நின்றதாம். இவையெல்லாம் நான் வளர்ந்தபின் அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, பெண் வீட்டுக்குப் புறப்படும்போது அம்மா சொன்னது மட்டுமே.

“அங்கை போய் வாயைத் திறக்கப்படாது. விளங்குதோ?”

தின்பதற்காகத் திறக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். முன்பு பெண் பார்க்கப் போன வீடொன்றில் நான் ஐந்து ரோல்ஸ் தின்ற வரலாறு அதற்கு இருந்தது.

புறப்படுமுன் நான் இரண்டு காரியம் செய்தேன். மூன்றாவது தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தேன். முதலிரண்டு தாள்களையும் கிழித்து, பழைய பத்திரிகைகளோடு கழிவுக் காகிதத் தொட்டியில் போட்டேன். மாமாவின் குறி தப்பிய அந்தத் தாள்களை இனி எவரும் எக்காலத்திலும் பார்த்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். மணமகளாக வரப்போகிறவர் ஒருநாள் என் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டால்?

கர்க்லாண்ட் வீட்டின் சன்னல்களில் மரங்கள் முழுதாகத் தெரிந்தன. வாசலில் பெண்ணின் தாய் எங்கள் கோட்டுகளை வாங்கினார். அம்மாவின் கோட்டில் ஊசியைக் கண்டு, கையில் குத்திவிடாமல் மெல்லக் கொளுவியில் மாட்டினார். “எங்கையோ விழுந்திட்டுது அக்கா. எடுத்தவனுக்கு என்ன பிரயோசனமோ,” என்றாள் அம்மா, முகம் சிவந்து. அவளுக்குப் பின்னால் நின்ற மாமா, அந்தக் கோட்டில் எஞ்சியிருந்த நீலப் பொத்தான்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன்.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பெண்ணின் தந்தை பருத்த, கலகலப்பான மனிதர்.

“தம்பி பூனை மாதிரி. கதவைத் தட்டினவரோ தடவினவரோ எண்டு நான் இவவைக் கேட்டனான்,” என்றார் மாமாவைக் காட்டி.

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

“வாகனம் ஓட்டேக்குள்ளையும் இப்பிடித்தான்,” என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார். “மச்சானை ஆமை முந்திக்கொண்டு போகும்.”

எனக்குத் தாளவில்லை. எழுந்துபோய்த் தேநீர்த் தட்டுகளுக்கு நடுவே தாளை விரித்தேன்.

“இது மாமா சுட்டது. நூறு மீற்றர்.”

பெண் குனிந்து துளைகளின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்; கண்கள் வியப்பில் விரிந்தன. அது எனக்குப் போதும்போல இருந்தது. அவருடைய தந்தை மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்தார். தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பத்துப் புள்ளிகளாக ஒளி அவருடைய சட்டையில் விழுந்தது.

“நல்ல கை,” என்றார். குரலில் கலகலப்பு இல்லை. “எத்தினை வரியம் பழகினது தம்பி?”

“மூண்டே மூண்டு தரம் போனனான் அண்ணை. வேலையிடத்துப் பெடியன் ஒருத்தனோடை. மான் வேட்டைக்கு.”

“மூண்டு தரத்திலையோ?”

“இல்லை அண்ணை, வீட்டிலையும் பழகினனான். ரவை இல்லாமல், வெறுந் துவக்கோடை. குழலிலை பொத்தான் வைச்சு, அது விழாமல்…” பொத்தான் என்ற அந்தச் சொல் அவர் காதிலேயே உறைத்தது. தயங்கி என் பக்கம் திரும்பினார். “இந்தப் பிள்ளைதான் சாட்சி. என்ன பிள்ளை?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், கோட்டுக் கொளுவியில், ஊசி பளிச்சிட்டது.

“எனக்குத் தெரியாது,” என்றேன். அது மொட்டையாக ஒலித்ததால், மாமாவுக்குப் பெருமை சேர்க்கும்படி இன்னும் கொஞ்சம் கூட்டினேன். “மாமாவுக்குப் பழக்கமே தேவையில்லை அங்கிள். கையிலை எடுத்தால் சரி.”

“முதல் தரம் ஒண்டும் படேல்லை,” என்றார் மாமா. அவருடைய குரல் வழக்கத்தைவிடவும் இறங்கியிருந்தது. “அந்தத் தாளும் இருக்கு. பிள்ளை வைச்சிருக்கிறாள்.”

“அப்பிடி ஒரு தாளும் இல்லை,” என்றேன். ஒருவகையில் அதுவும் உண்மை.

பெண்ணின் தந்தை தாளை வந்த மடிப்பின்படியே மடித்து மேசையில் வைத்தார். “சரி, சரி. இப்ப ஆரும் ஒண்டும் கேக்கேல்லையே. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ,” என்றார். பிறகு இந்த ஆண்டு பனி எப்போது விழும் என்று அப்பாவோடு நெடுநேரம் பேசினார். எனக்கு ரோல்ஸ் தட்டு மறுபடியும் மறுபடியும் வந்தது. அம்மா தடுக்கவில்லை. பெண் மட்டும் ஒருமுறை மாமாவை நேரே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, தந்தையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெற்றி எங்களுக்கே என்று நான் எண்ணினேன்.

நான்கு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. சாதகத்தை வேறொருவரிடம் காட்டினார்களாம், பொருத்தம் காணாதாம். உண்மைக் காரணம் இன்னும் இரண்டு நாளில் உறவினர் ஒருவர் வழியாக வந்து சேர்ந்தது. அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதாள். வெங்காயத்தாலன்று, அந்தச் செய்தியால் அழுகிறாள் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

“மூண்டு தரத்திலை இப்பிடிச் சுடுறவன் இஞ்சை பழகினவனோ எண்டு கேக்கினம் தம்பி. அங்கை இருந்து வந்த கையாம். பொய் சொல்லிப்போட்டியாம்.”

“அக்கா, நான் ஊரிலை ஒரு மாங்காய்க்குக்கூடக் கல்லெறிஞ்சு படேல்லை. உனக்குத் தெரியாதே?”

“எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியுமே?”

மாமா எழுந்து என்னிடம் வந்தார். நான் நடைகூடத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே, பயிற்சிக்கு உட்காரும் அதே நிலையில், முழங்காலில் முழங்கை ஊன்றி அமர்ந்தார்.

“பிள்ளை, அந்தப் பழைய தாள் ரெண்டையும் எடுங்கோ. தேதி போட்டுக் கையெழுத்தும் இருக்கு. ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டுவம்.”

“எறிஞ்சுபோட்டன் மாமா,” என்றேன் உற்சாகமாக. “கிழிச்சு எறிஞ்சுபோட்டன். லொறியும் வந்து அள்ளிக்கொண்டு போட்டுது. இனி ஒருதரும் பாக்க மாட்டினம்.”

அவர் தரையில் கையூன்றி எழுந்து போனார். நண்பரிடம் வேறொரு தாள் எழுதி வாங்கியிருக்கலாம், அவரையே அழைத்துப்போயிருக்கலாம். இப்போது எனக்குத் தோன்றுகிற வழிகள் அவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் எழுதி வாங்கியதை நம்பமாட்டார்கள் என்பதும், சாட்சியை ஒருமுறை அழைத்து என்ன கிடைத்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன.

அந்தச் சனிக்கிழமை துப்பாக்கியை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தார். முதுகுவலி என்று சொன்னாராம். அவ்வாண்டு அவர் காட்டுக்குப் போகவில்லை, பிறகும் போகவில்லை. மணமும் செய்துகொள்ளவில்லை. அதே தொழிற்சாலையில் இன்றும் இருக்கிறார். எங்கே அமர்ந்து சாப்பிடுகிறார் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. கதையோ தானாக வளர்ந்தது. நூறு மீற்றர் ஆயிரம் மீற்றராயிற்று. பலூன் உடைக்கும்போது அவர் எழுந்துபோவதும், எங்கோ எதையோ பட்டு வந்த மனிதர் என்பதற்குச் சான்றாயிற்று. வழியில் மறித்து மரியாதையோடு கைகுலுக்கும் இளைஞர்களிடம், “தம்பிமார், நான் புடைவைக்கடையிலை நிண்டனான்” என்று சொல்லுவார். அந்த அடக்கத்தையும் அவர்கள் வியந்துகொள்வார்கள்.

துப்பாக்கி போன அன்று பின்னேரம், அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள். மாமா தம் சட்டைப்பைக்குள் கைவிட்டு நீலப் பொத்தானை எடுத்தார்.

“அக்கா, இந்தா உன்ரை பொத்தான். கதிரைக்குக் கீழை கிடந்தது.”

“இஞ்சையோ கிடந்தது? நான் தேடாத இடமில்லை,” என்று சொல்லி, நின்ற நிலையிலேயே ஊசியும் நூலும் எடுத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு போனாள் அம்மா. கதவு சாத்திக்கொண்டது. சன்னலில் அவளுடைய சப்பாத்துகள் கடந்து போயின. மாமா என்னை ஏசவில்லை. கடைசிச் சுவருக்குப் போய், அந்த மிளகளவு கறுப்புத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த பிழை அந்தப் பொத்தான் ஒன்றுதான் என்றும், அதிலிருந்தும் ஒருவாறு தப்பிவிட்டோம் என்றும் நினைத்து, ஐஸ்கிரீம் வாங்கப் போவோமா என்று அவரிடம் கேட்டேன்.